கிராமத்தைச் சாட்சிக்கு இழுத்தவர்களுக்கு

ராணுவப் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்கச் சொல்லி 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் ஒன்றிய அரசு வைத்த வாதங்களில் ஒன்று நம்மைப் பற்றியது. சிப்பாய்களில் பெரும்பாலோர் கிராமத்து ஆண்கள், பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்கும் பக்குவம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்றார்கள். நீதிபதிகள் அதைத் தள்ளிவிட்டார்கள். ஆனாலும் கிராமத்தைச் சாட்சிக்கு இழுத்த பிறகு, கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

இங்கிருந்து நாகப்பட்டினம் துறைமுகம் கூப்பிடு தூரம். தஞ்சைச் சீமையின் கூலிச் சனம் கங்காணி பின்னால் போய் அங்கேதான் மலாயாவுக்குக் கப்பலேறியது. அப்படித் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்களின் பெண்கள், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், 1943இல் துப்பாக்கி எடுத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி சிங்கப்பூரில், நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. தலைவர், சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். கோலாலம்பூர் ஜானகி தேவருக்கு அப்போது வயது 18. நேதாஜியின் கூட்டத்தில் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த மகளைப் படைக்கு அனுப்பத் தகப்பனார் முதலில் சம்மதிக்கவில்லை. லட்சுமி வீட்டுக்கே போய்ப் பேசிய பிறகுதான் இறங்கிவந்தார். பின்னாளில் ஜானகி அந்தப் படையின் துணைத் தலைவரானார்.

அந்தப் படைப் பெண்கள் பர்மாவின் மேமியோ வரை போனார்கள். போர்முனையில் சண்டையிட அவர்களுக்கு வாய்ப்பு அமையவில்லை. 1945இல் படை பின்வாங்கியபோது, விமானக் குண்டுக்குத் தப்பி இரவிரவாக நடந்து தாய்லாந்து வந்து சேர்ந்தார்கள். என் மனதை விட்டு அகலாதது ஒன்று உண்டு. அவர்களில் பெரும்பாலோர் அதிகாரிகள் அல்லர், சாதாரணச் சிப்பாய்கள்.

அதே காலத்தில் கிழக்குத் தஞ்சையில் மணலூர் மணியம்மை இருந்தார். பிராமணக் குடும்பத்து விதவை. சேலையை விட்டு வேட்டி சட்டைக்கு மாறி, தலையைக் கிராப் வெட்டிக்கொண்டு, சிலம்பம் கற்று, பண்ணையாட்களைத் திரட்டினார். சாட்டையடியும் சாணிப்பாலும் வாங்கிய ஆண்கள் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றார்கள். ராஜம் கிருஷ்ணனின் ‘பாதையில் பதிந்த அடிகள்’ அவரைப் பற்றிய நாவல்தான். கீழ்வேளூர் கோயிலில் மகன் முருகனின் தவம் கலையாமல் காவல் நிற்கும் அஞ்சுவட்டத்தம்மனைச் சொல்லி நான் வாதாடப் போவதில்லை. மணியம்மை என்ற மனுஷி போதும்.

இன்று அறுவடை முடிந்த வயலோரச் சாலைகளில் விடியலுக்கு முன்பே பெண்பிள்ளைகள் ஓடுகிறார்கள். சுடிதார் பேன்ட், மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, செல்போனில் நேரம் பார்க்க ஒரு தம்பி. பெரும்பாலும் போலீஸ் தேர்வுக்கான ஓட்டம். தமிழகக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973இல். உடுப்பு போட்டவளை எவன் கட்டுவான் என்று கேட்ட சனம்தான் இன்று அதே உடுப்புக்காக மகளை அதிகாலையில் எழுப்பி விடுகிறது. மனசு மாற அரை நூற்றாண்டு ஆயிற்று. பெண் காவலர்கள் கண்ணெதிரே நடமாடியதால்தான் அதுவும் மாறியது.

ராணுவத்தில் மட்டும் கதவு மேல்மாடியிலிருந்து திறக்கிறது. சென்னை பரங்கிமலை அகாடமி 1992 முதல் பெண்களுக்கு ராணுவ அதிகாரிப் பயிற்சி தருகிறது. 2016இல் போர் விமானம், 2023இல் பீரங்கிப் படை, 2025 மே மாதம் தேசியப் பாதுகாப்பு அகாடமியிலிருந்து 17 பெண்கள். மகிழ்ச்சிதான். ஆனால் பட்டப் படிப்பும் ஆங்கிலமும் பயிற்சி மையமும் எட்டாத கூலிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு தரைப்படையில் சிப்பாயாகச் சேரத் திறந்திருப்பது ராணுவப் போலீஸ் பிரிவு மட்டுமே. அதன் முதல் அணி, 83 பேர், 2021இல்தான் பெங்களூரில் பயிற்சி முடித்தது. காலாட்படை இன்னும் மூடியே கிடக்கிறது. இந்த ஊர்ப் பையன்கள் கனவு காணும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டும் காலாட்படைதான்.

பக்குவம் வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லாதீர்கள். ஆண்களுக்கு வைத்திருக்கும் அதே ஓட்டத்தில், அதே கோட்டில் அவளையும் நிற்க விடுங்கள். ஓடித் தோற்றால் அது அவள் பாடு.