அற்புத விடுதலை: எபிரேய மறைநூல்கள் உணர்த்தும் பொருள்

மாணவர்களே, செங்கடலைக் கடந்த நிகழ்ச்சியை விவரிக்கும்படி கேட்டால் உங்களிற் பலர் நன்றாக எழுதுவீர்கள். அதன் பொருளை விளக்கும்படி கேட்டால் சிலர் தடுமாறுவதுண்டு. ஆகவே இங்கு பொருளை நோக்குவோம்.

1. அற்புதம் ஓர் அடையாளம்

இறைவனின் வியத்தகு செயல்களைக் குறிக்கும் எபிரேயச் சொற்களுள் ஒன்று ‘ஓத்’. ‘அடையாளம்’ என்பது அதன் பொருள். விடுதலைப் பயண நூல் 14ஆம் அதிகாரத்தில், இரவு முழுவதும் வீசிய வலிய கீழ்க்காற்றினால் கடல் பின்வாங்கியது எனக் கூறப்படுகிறது. காற்று கடலை எவ்வாறு மாற்றும் என்பதை மன்னார்க் கரையில் வாழும் நீங்கள் அறிவீர்கள். காற்று எப்படி வீசியது என்று அந்நூல் ஆராயவில்லை. அடிமைகளின் பக்கம் நின்றவர் யார் என்பதையே அது அறிவிக்கிறது.

2. விடுதலை எதற்காக?

விடுதலை கடற்கரையோடு முடியவில்லை. மக்கள் சீனாய் மலையை அடைந்து இறைவனோடு உடன்படிக்கை செய்தனர். தாம் எகிப்தில் அந்நியராய் இருந்ததை நினைத்து, தம்மிடையே வாழும் அந்நியரை ஒடுக்காதிருக்க வேண்டும் எனவும் கட்டளை பெற்றனர் (வி.ப. 22). விடுதலை பெற்றவர் பிறரை அடிமைப்படுத்தலாகாது.

3. விடுதலை கிடைக்காதபோது

நமது மாவட்ட வரலாற்றை நோக்குக. ஒல்லாந்தர் காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து மாதாவின் திருச்சொரூபத்துடன் 20 குடும்பங்கள் மருதமடுவை அடைந்து தப்பின என்பது மரபு. ஆனால் 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் கட்டளையால் மன்னாரில் சுமார் 600 கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டனர். 1999 நவம்பரில் மடுவிலேயே தஞ்சம் புகுந்திருந்தோரில் ஏறத்தாழ 40 பேர் எறிகணை வீச்சில் உயிரிழந்தனர். தப்பியவர்களை மட்டும் இறைவன் நேசித்தாரா?

எபிரேய மறைநூல்கள் இவ்வினாவை மறைக்கவில்லை. தானியேல் நூல் 3ஆம் அதிகாரத்தில், தீச்சூளையின் முன் நின்ற மூன்று இளைஞர்களும் இறைவன் தம்மைக் காக்க வல்லவர் என்றனர். காக்காவிட்டாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றனர். திருப்பாடல் 44, உடன்படிக்கையை மீறாதிருந்தும் தோல்வியுற்ற மக்களின் முறையீடாகும். அதுவும் செபமாகவே மறைநூலில் இடம்பெற்றுள்ளது. எனவே விடுதலை நல்லவர்க்கு அளிக்கப்படும் கூலி அன்று. தப்பாதவர் கைவிடப்பட்டவரும் அல்லர்.

நினைவிற் கொள்க

விடை எழுதும்போது அடையாளம், உடன்படிக்கை, காக்கப்படாவிட்டாலும் நிலைத்த நம்பிக்கை ஆகிய மூன்றையும் தவறாது குறிப்பிடுக. உங்கள் ஊரில் உறவினரை இழந்த ஒருவர் இவ்விடையை வாசித்தால் மனம் நோகுமா என ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நோகாதெனின், நீங்கள் பொருளை விளங்கிக்கொண்டீர்கள்.