கங்கைக் கரையில் எண்ணெய் முழுக்கு

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் தம்முடன் கொண்டுவந்த பொருள்கள் பல. இட்டிலிக் கொப்பரையும் காப்பி வடிகட்டியும் வராத வீடு இல்லை. நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் வேண்டுமானால் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு நடை போய்வந்தால் போதும். ஆயினும், வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் நம் இல்லங்களில் சிறுகச் சிறுகக் குன்றி, தீபாவளிக்கு ஒருநாள் என்ற அளவில் வந்து நிற்கிறது. பொருள் கிடைத்தும் வழக்கம் ஏன் குன்றியது என்பது சிந்திக்கத்தக்கது.

நேரம் இல்லை என்பர் சிலர்; குளியலறை சிறிது என்பர் வேறு சிலர். இவை உண்மையே. எனினும் இவற்றினும் பெரிய தடை ஒன்று உண்டு. எண்ணெய் முழுக்கு தனியொருவர் தாமே முற்றச் செய்துகொள்ளக்கூடிய காரியம் அன்று. தலைக்கும் காலுக்கும் தன் கை போதும்; முதுகுக்குப் பிறர் கை வேண்டும். ஊரில் பாட்டி இருந்தார், அத்தை இருந்தார், தம்பியை இழுத்து உட்காரவைத்துத் தேய்த்துவிட அண்ணன் இருந்தான். கணவன், மனைவி, குழந்தை எனச் சுருங்கிவிட்ட வெளியூர் வீட்டில் எண்ணெய் இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது. தேய்த்துவிடும் கைதான் இல்லை.

புதிதாகக் குடித்தனம் நடத்துவோர் பொருட்டு நம் முறையை இங்கே நினைவுகூர்வோம். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் முழுக்கிற்கு உரிய நாட்கள் என்பது பெரியோர் வகுத்த வழக்கு. நல்லெண்ணெயில் இரண்டு மூன்று மிளகை இட்டு இளஞ்சூடாகக் காய்ச்சி, முதலில் உச்சியில் வைத்து, பின்பு உடல் முழுவதும் அழுத்தித் தேய்ப்பர். அரைமணி நேரம் ஊறியபின் சீயக்காயோ அரப்போ தலைக்கு, பயற்றமாவு உடம்புக்கு, பீர்க்கங்கூடு முதுகுக்கு. எண்ணெய் தோலின் மேற்படலத்தை இளக்குகிறது. சீயக்காயில் இயற்கையாக உள்ள நுரைப்பொருள் பிசுக்கை நீக்குகிறது. மாவு எஞ்சிய எண்ணெயை உறிஞ்சுகிறது. நாரால் தேய்க்கும்போது தளர்ந்த அழுக்கு திரிதிரியாக உருண்டு வருகிறது. குளித்தபின் மிளகு ரசத்துடன் உணவு. அன்று பகலுறக்கம் ஆகாது. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்ற பழமொழி, மருத்துவருக்குச் செலவிடுவதை எண்ணெய்க்குச் செலவிடு என்று இம்முறையின் பயனையே சொல்கிறது.

நாம் வாழும் இந்நகரம் இக்கலைக்கு அந்நியமானது அன்று. 2001-ஆம் ஆண்டில் கொல்கத்தா என்று பெயர் மாறினும் நம் வீட்டுப் பேச்சில் கல்கத்தாவாகவே இருந்துவரும் இந்நகரின் மேற்கெல்லையில், ஹூக்ளி என்னும் பெயருடன் கங்கை ஓடுகிறாள். அவள் கரையெங்கும் படித்துறைகள். அவற்றுள் பாபு காட் என்று வழங்குவது பாபு ராஜசந்திர தாஸ் என்ற செல்வரின் பொருட்செலவில் 1830-இல் எழுந்தது. அன்றைய கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு அதற்கு அவர் பெயரையே சூட்டினார் என்பதை அங்குள்ள கல்வெட்டு உரைக்கிறது. தட்சிணேசுவரம் காளி கோயிலை 1855-இல் அமைத்த ராணி ராசமணி அவருடைய துணைவியார். வடக்கே, 1943-இல் திறக்கப்பட்ட ஹௌரா பாலத்தின் அடியில், பூச்சந்தையை ஒட்டி மல்லிக் காட் இருக்கிறது.

இத்துறைகளில் விடியற்காலையில் மாலீஷ்காரர்களைக் காணலாம். ஒரு பாய் அல்லது பலகை, கடுகெண்ணெய்ச் சீசா, தோளில் காம்சா என்னும் சிவப்புக் கட்டத் துண்டு: இவ்வளவே அவர்களுடைய முதலீடு. உச்சியில் எண்ணெய் வைத்துத் தாளம் போலத் தட்டி, கழுத்து நரம்பைப் பிடித்து, தோள், முதுகு, கால் என இறங்கி, விரல்களைச் சொடுக்கெடுத்து முடிப்பர். பின்பு படியிறங்கி முழுகி எழுவது வாடிக்கை. குருதத் 1957-இல் எடுத்த ‘பியாசா’ என்னும் இந்திப் படத்தில் ஜானி வாக்கர் ஏற்ற வேடம் இத்தகைய கல்கத்தா மாலீஷ்காரரே.

இவர்களுள் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். மனைவி மக்களை ஊரில் விட்டு, ஈட்டும் பொருளில் மிச்சம் பிடித்து அனுப்புவோரும் அவர்களில் உண்டு. ஊரை விட்டு வந்த ஒருவர் முதுகை, ஊரை விட்டு வந்த இன்னொருவர் தேய்த்துவிடுகிறார். நம் பாட்டி இல்லாத குறையை இந்நகரில் தீர்த்துவைக்கும் கை அது. ஆகவே, கூலியை வெட்டிப் பேரம் பேசுவதும், ‘ஏய்’ என்று கூப்பிடுவதும் நமக்கு அழகல்ல. வங்காளத்தில் அண்ணனைத் ‘தாதா’ என்பர். அவ்வாறு அழைத்து, கேட்டதைக் கொடுப்பதே முறை.

இவ்வித்தையைக் கடல் கடந்து கொண்டுசென்றவரும் பீகாரில் பிறந்த ஒருவரே. 1759-இல் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகம்மது, கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் ஊழியம் செய்து, பின்னர் அயர்லாந்து சென்று குடியேறினார். 1794-இல் அவர் வெளியிட்ட பிரயாண நூல், இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூலாகக் கருதப்படுகிறது. 1810-இல் லண்டனில் அவர் தொடங்கிய இந்திய உணவகம் நிலைக்கவில்லை. மனம் தளராமல் பிரைட்டன் என்னும் கடற்கரை நகருக்குச் சென்று, மூலிகை நீராவியில் அமர்த்தி உடம்பு பிடித்துவிடும் குளியல் நிலையத்தை நடத்தினார். அரசர் நான்காம் ஜார்ஜ் அவரைத் தமக்குரிய மாலீஷ் வல்லுநராக நியமித்தார். 1851-இல் அவர் மறைந்தார். அழுத்திப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லே ‘ஷாம்பு’ என்று ஆங்கிலத்தில் புகுந்தது. இன்று நம் சீயக்காயைத் துரத்திவிட்ட புட்டியின் பெயர் நம் நாட்டிலிருந்து போனதே என்பது வேடிக்கையன்றோ!

படித்துறை மாலீஷ் ஆடவர்க்கே உரியது; நம் பெண்மக்கள் நிலை என்ன? பழைய வங்காள இல்லங்களுக்கு நாபிதனி என்னும் நாவிதப் பெண் வருவாள். ஜாமா எனப்படும் சுட்டுக் கருகிய செங்கல் துண்டால் பாதங்களைத் தேய்த்துக் கழுவி, ஆல்தா என்னும் செஞ்சாயம் தீட்டிச் செல்வாள். அவ்வழக்கம் இப்போது அருகிவிட்டது. ஆயினும் திருமணத்தில் மணமக்களுக்கு மஞ்சள் பூசும் ‘காயே ஹலுத்’ இன்றும் சிறப்பாக நடைபெறுகிறது. நம் நலங்கிற்கு அது உடன்பிறப்பு. துந்துல் என்று அவர்கள் முதுகு தேய்க்கும் நாரும் நம் பீர்க்கங்கூட்டின் இனமே. குளிர்கால வெயிலில் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் வங்காளப் பாட்டியைப் பார்த்தால், கால்களை நீட்டி அதன்மேல் பேரனைக் கிடத்தி நீராட்டும் நம் பாட்டியின் நினைவு வராமற் போகாது. அண்டை வீட்டம்மையாரிடம் கைமுறையைக் கேட்டுக்கொள்வதும், நம்முடையதைச் சொல்லிக்கொடுப்பதும் இரு வீட்டாரையும் நெருக்கமாக்கும்.

சில எச்சரிக்கைகளும் இன்றியமையாதவை. ஆற்றுநீர் இப்போது தூய்மை குன்றியிருப்பதால், கரையில் மாலீஷ் முடிந்தபின் வீட்டுக்கு வந்து வெந்நீரில் குளிப்பதே நலம். கடுகெண்ணெய் பச்சிளங் குழந்தையின் மெல்லிய தோலுக்கு ஒவ்வாது. காதிலும் மூக்கிலும் எந்த எண்ணெயும் விடலாகாது. காய்ச்சல் உள்ளபோதும், மார்கழி தை மாதங்களின் கடுங்குளிரில் அதிகாலையிலும் முழுக்கைத் தவிர்க்கலாம்.

தீபாவளி விடியலில் ‘கங்கா ஸ்நானம் ஆயிற்றா?’ என்று கேட்பது தமிழர் மரபு. தஞ்சையிலும் நெல்லையிலும் வெந்நீர்த் தவலையில் கங்கையைப் பாவனை செய்துகொண்டவர்கள் நம் முன்னோர். நாமோ கங்கைக் கரையிலேயே குடியிருக்கிறோம். அச்சதுர்த்தசியில் வங்காள வீடுகளில் பதினான்கு விளக்கேற்றுவர். நாம் பிள்ளைகளை எழுப்பி எண்ணெய் வைப்போம். அந்த ஒருநாளோடு நில்லாமல், மாதம் இரண்டு சனிக்கிழமையேனும் தந்தை மகனுக்கும், வெள்ளிக்கிழமையில் தாய் மகளுக்கும் முதுகு தேய்த்துவிட வேண்டும். பாட்டி ஊரிலிருந்து வந்திருக்கும் நாட்களில் பிள்ளைகள் அவருக்குத் தேய்த்துவிடட்டும். எண்ணெயைக் கடையில் வாங்கலாம். கைப்பழக்கத்தைப் பிள்ளைகள் நம்மிடம் அன்றி வேறெங்கும் கற்க இயலாது.