குட்டி மலை, பழைய காடு: புக்கிட் தீமா ஏறலாம் வாங்க

வார இறுதியில எங்கயாவது நடக்கப் போகணும், ஆனா ரொம்பக் கஷ்டப்படக் கூடாதுன்னு கேட்கிறவங்களுக்கு நான் சொல்ற இடம் புக்கிட் தீமா. சிங்கப்பூரின் ஆக உயரமான இயற்கைக் குன்று. உயரம் எவ்வளவு தெரியுமா? 163.63 மீட்டர். மெரினா பே சாண்ட்ஸ் கட்டடமே சுமார் 200 மீட்டர்!

போறதும் சுலபம். எம்ஆர்டியில பியூட்டி வோர்ல்ட் நிலையத்துல இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தா மலையடிவாரத்துல வருகையாளர் நிலையம். அங்கிருந்து உச்சி வரைக்கும் தார் ரோடு இருக்கு. காலை 7 மணியிலிருந்து இரவு 7 மணி வரை திறந்திருக்கும். சாதாரண ஷூ, ஒரு பாட்டில் தண்ணி போதும். ஆரம்பத்துலயே ஒரு செங்குத்தான ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும். நின்னு நின்னு ஏறினாலும் முக்கால் மணி நேரத்துல மேல போயிடலாம்.

உச்சியில உயரம் பொறிச்ச கல் ஒண்ணு இருக்கு. எல்லாரும் அதோட போட்டோ எடுப்பாங்க. ஆனா ஊரே தெரியும்னு எதிர்பார்க்காதீங்க, மரங்கள் மறைச்சிடும். "இதுக்கா ஏறினோம்?"னு கேட்கிறவங்களுக்கு என் பதில்: இங்க பார்க்க வேண்டியதே அந்த மரங்களைத்தான்.

சிங்கப்பூரில் மனுஷன் வெட்டி அழிக்காத ஆதிக் காடு இன்னைக்கு நிலப்பரப்பில் அரை சதவீதம்கூட இல்லை. அதுல ஒரு முக்கியமான துண்டு இந்த மலையில இருக்கு. 1854-இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் இங்க தங்கி, ரெண்டே மாசத்துல சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். கிட்டத்தட்ட எல்லாமே ஒரு சதுர மைலுக்குள்ள கிடைச்சவை! மரவெட்டிகள் வெட்டிப் போட்ட மரங்கள்தான் அவருக்குக் கைகொடுத்தன. பட்டுப்போன மரம் வண்டுகளுக்கு விருந்து. வழியில ஒரு மரம் விழுந்து மக்கிக் கிடந்தா, அதைக் குப்பைன்னு நினைக்காதீங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். 1986-இல் வந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை, இந்தக் காட்டைப் பக்கத்துல இருந்த பெரிய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து துண்டிச்சிடுச்சு. சின்ன இடத்துல தனியா மாட்டிக்கிட்ட விலங்குகளுக்கு ஜோடி தேட வழியில்லை. உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்தா வம்சம் பலவீனமாகும். ரோட்டைக் கடக்கப் பார்த்தா வண்டியில அடிபடும். அதனாலதான் 2013-இல் விரைவுச்சாலைக்கு மேல 62 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் கட்டி, அதுல மரம், செடி நட்டாங்க. விலங்குகளுக்கு மட்டுமேயான பாலம், நமக்கு அனுமதி கிடையாது. எறும்புத்தின்னிகள்கூட அதைப் பயன்படுத்துறது கேமராவில் பதிவாகியிருக்கு.

சாலை மட்டும் இல்ல, நம்ம காலும் ஒரு பிரச்சினைதான். ஆயிரக்கணக்கானவங்க மிதிச்சா மண் இறுகிடும், மழைத்தண்ணி உள்ள இறங்காம மேல்மண்ணை அரிச்சுட்டுப் போகும், வேர் வெளியே தெரியும், மரம் சாயும். மண்ணரிப்பையும் பாதைகளையும் சரிசெய்றதுக்காகவே 2014-இல் இங்க பெரிய சீரமைப்பு தொடங்கி, 2016-இல்தான் முழுசா திறந்தாங்க.

அதனால மூணே விஷயம். சேறா இருந்தாலும் பாதையிலேயே நடங்க. ஓரமா ஒதுங்கி நடந்தா பாதை அகலமாகி, முளைக்கிற கன்று நசுங்கிடும். குரங்குக்குச் சாப்பாடு கொடுக்காதீங்க. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். பழம் தின்னு காடு முழுக்க விதை பரப்புற வேலையை விட்டுட்டு, அது உங்க பைக்காக ரோட்டோரம் காத்திருக்கும். பாட்டுக் கேட்டுட்டே நடக்கிறவங்க ஹெட்போனைக் கழட்டிடுங்க. துடுப்புவால் கரிச்சான் மத்த பறவைங்க மாதிரியே குரல் கொடுக்கிறது கேட்டாலும் கேட்கும்.

ஆமா, பாட்காஸ்ட்ல இருந்துகிட்டே ஹெட்போனைக் கழட்டச் சொல்றேன். இந்த எபிசோடை எம்ஆர்டியிலேயே கேட்டு முடிச்சிடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்!