ஐவர்மலையில் ஒரு துறவியின் சோற்றுக் கணக்கு

பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில், பழனியிலிருந்து கொழுமம் செல்லும் வழியில் உள்ள ஐவர்மலையின் இயற்கைக் குகைத்தளத்திற்கு மேலே, பாறை நெற்றியில் 16 சமணத் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பாண்டவர் ஐவரும் இங்கே தங்கினர் என்ற நம்பிக்கையால் இன்றைய பெயர் வழங்கினாலும், கல்வெட்டில் இவ்விடத்தின் பெயர் திருவயிரை.

சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், இரண்டாம் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட கல்வெட்டு ஒன்று இங்கே உள்ளது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், தீர்த்தங்கரர் பார்சுவநாதரின் உருவத்தையும் காவல் பெண்தெய்வங்களான இயக்கியரின் உருவங்களையும் புதுப்பித்து, அவற்றிற்குத் தடையின்றி அவி, அதாவது படையல் நடக்கவும், அடிகள் ஒருவருக்குச் சோறு கிடைக்கவும் 505 காணம் பொன் அமைத்தார் என்கிறது அது. குரவர் என்பது சமண ஆசிரியரைக் குறிக்கும். காணம் என்பது அக்காலப் பொன்னின் அளவு.

எதையும் உடைமையாகக் கொள்ளாமை, அதாவது அபரிக்கிரகம், சமண முனிவரின் ஐம்பெரு நோன்புகளுள் ஒன்று. திகம்பர முனிவர் ஆடையும் உண்கலமும் இன்றி, நாளுக்கு ஒருமுறை நின்றபடி கையில் ஏற்று உண்பவர். தமக்கென்றே சமைத்த உணவை ஏற்பதும் விதிப்படி குற்றம். அப்படியிருக்க, துறவி ஒருவர் பெயரில் 505 காணம் பொன்னும், இன்னொரு துறவிக்கு என்றென்றைக்குமான சோறும் ஒரே கல்லில் பதிவாகியுள்ளன. பொன் யாருடையது என்று கல்வெட்டு சொல்லவில்லை. குரவரின் சொல்லை மதித்த இல்லறத்தார் ஈந்ததாகவே அது இருக்க வேண்டும். கழுகுமலைச் சமண உருவங்களின் கீழ்த் தச்சர், குயவர் போன்ற எளிய தொழிலாளர் பெயர்களும் காணப்படுவதால், ஈகை அரசரோடும் வணிகரோடும் நின்றுவிடவில்லை என்பது தெளிவு.

முதலைக் கரைக்காமல், பொலிசை எனப்பட்ட வட்டியைக் கொண்டே செலவை நடத்துவது அக்கால அறக்கட்டளைகளின் பொது வழக்கு. ஆகவே துறவி வறியவராகவே இருப்பதற்கும் ஊரில் எங்கோ ஒரு முதல் குறையாமல் இருக்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் பிரான்சிஸ்கன் துறவியரும் இதே சிக்கலில் மாட்டினர்: அவர்கள் பயன்படுத்திய பொருள்களின் உரிமை திருச்சபையுடையது என்று 1245இல் போப் நான்காம் இன்னொசென்ட் வகுத்த ஏற்பாட்டை, அது வெறும் பாவனை என்று 1322இல் போப் இருபத்திரண்டாம் ஜான் தள்ளிவிட்டார். திருவயிரைக் குரவர் அத்தகைய சட்ட நுணுக்கம் எதையும் நாடியதாகத் தெரியவில்லை. கணக்கைக் கல்லிலேயே வெளிப்படையாக எழுதிவைத்தார்.

வரகுணன் முடிசூடிய ஆண்டு கி.பி. 862 என வரலாற்றாசிரியர்கள் கணிப்பது, சக ஆண்டையும் ஆட்சியாண்டையும் சேர்த்துக் கூறும் இந்தக் கல்வெட்டைக் கொண்டுதான்.