கோட்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் தோளைப் பாருங்கள்

"காசியில் பாதி கல்பாத்தி" என்பது பாலக்காட்டுப் பக்கத்தில் வழங்கும் பழமொழி. விசுவநாத சுவாமி கோயிலுக்கும், படியிறங்கிப் போகும் ஆற்றுக்கும் அது பொருந்தும். குளிருக்கு மட்டும் பொருந்தாது. மார்கழி, தை மாதங்களில் காசியில் கம்பளி இல்லாமல் விடியற்காலையில் தலைகாட்ட முடியாது. கல்பாத்தியிலோ அதே மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசுமே தவிர, ஒரு மேல்துண்டுக்கு மேல் தேவைப்படுவதில்லை. பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் பூமி இது.

இப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் உத்தியோகம் தேடிப் போனார்கள். இன்று தட்டெழுத்துப் பொறியின் இடத்தில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ரயில் ஏறுவது மட்டும் நின்றபாடில்லை. ஐப்பசிக் கடைசியில் நடக்கும் தேரோட்டத்தைப் பார்த்துவிட்டு நவம்பர் நடுவில் டில்லிக்குப் புறப்படுகிறவர், அங்கே குளிர் தொடங்கும் நேரத்தில் போய் இறங்குகிறார். டில்லியில் 1935 ஜனவரி 16 அன்று வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.6 டிகிரிக்கு இறங்கியது. சாதாரண வருஷங்களிலும் ஜனவரி மாதத்தில் விடியற்காலை 7 டிகிரி, சில நாட்களில் 4 டிகிரி என்பது சகஜம்.

அவ்வளவு தூரம் போவானேன்? கேரளத்துக்குள்ளேயே இடுக்கி மாவட்டத்து மூணாறு மலையில், திருநெல்வேலியிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டங்களில், ஜனவரி மாதத்துச் சில விடியல்களில் புல்வெளியெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படர்ந்து கிடக்கும்.

வெயில் ஊரில் பிறந்தவருக்குக் கோட்டு வாங்கிப் பழக்கமில்லை. வேட்டி வாங்கினால் எட்டு முழமா, நான்கு முழமா என்று கேட்டால் போதும். குண்டானவரும் ஒல்லியானவரும் ஒரே வேட்டியைக் கட்டிக்கொள்ளலாம். கோட்டு அப்படியல்ல. அது உடம்பைப் பார்த்து வெட்டித் தைத்த உடுப்பு. பொருந்தாத கோட்டு ஆளையும் கோமாளியாக்கும், குளிரையும் தடுக்காது. சம்பளத்தில் ஒரு பங்கைக் கொட்டி வாங்கிய பின், "இதையா போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போவது?" என்று பெட்டியில் பூட்டி வைப்பவர்கள் எத்தனையோ பேர்.

சித்தப்பாவின் கோட்டு

முதல் தடவை வடக்கே போகும் பையனுக்குப் பல வீடுகளில் கிடைப்பது, சித்தப்பாவோ மாமாவோ டில்லியில் உத்தியோகம் பார்த்த காலத்தில் போட்ட பழைய கோட்டுதான். துணி நல்ல துணியாகவே இருக்கும். கான்பூரில் 1876-ல் தொடங்கிய "லால் இம்லி" ஆலைக் கம்பளியும், பஞ்சாபின் தாரிவால் கம்பளியும் ஒரு காலத்தில் வடநாட்டில் பெயர்பெற்றவை. ஆனால் துணி நல்லது என்பதால் மட்டும் கோட்டு நல்லதாகிவிடாது. மாமாவின் தோள் வேறு, மருமகனின் தோள் வேறு.

இங்கேதான் ஒரு தையல் ரகசியம் இருக்கிறது. கோட்டில் இடுப்பைப் பிடித்துத் தைக்கலாம். கையைக் குறைக்கலாம். நீளத்தைக் குறைக்கலாம். பொத்தானை அரை அங்குலம் தள்ளி வைக்கலாம். உள்ளே துணி மடித்து விட்டிருந்தால் கொஞ்சம் பிரித்துவிடவும் செய்யலாம். ஆனால் தோளை மாற்றுவது மிகக் கடினம். காலர், கை, உள்ளே வைத்த கேன்வாஸ் துணி எல்லாம் வந்து சேரும் இடம் அதுதான். அதைப் பிரித்தால் பாதிக் கோட்டைப் புதிதாகத் தைத்த கூலி ஆகும். அப்போதும் பழைய அமைப்பு வராது.

ஆகவே புதிய கோட்டோ, பழைய கோட்டோ, தோள் பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். தோள் எலும்பு முடியும் இடத்தில் கையின் தையல் வந்து நிற்க வேண்டும். தையல் கீழே தொங்கினால் பெரிது. கழுத்துப் பக்கம் ஏறினால் சிறிது. இதைப் பார்க்க ஒரு கண்ணாடியும் அரை நிமிஷமும் போதும்.

எந்த உடம்புக்கு எது?

உயரமாக, ஒல்லியாக இருப்பவர்கள் தங்களைக் கொஞ்சம் அகலமாகக் காட்டிக்கொள்ள வேண்டும். இவர்களுக்குச் சொரசொரப்பான, கனமான ட்வீட் துணி ஏற்றது. கட்டம் போட்ட துணி, சாம்பல், பழுப்பு நிறங்கள் எடுப்பாக இருக்கும். இரண்டு வரிசைப் பொத்தான் வைத்த "டபுள் பிரெஸ்ட்" கோட்டு இவர்களுக்கென்றே பிறந்தது எனலாம். இடுப்பில் பெல்ட்டும், வெளியே வைத்துத் தைத்த பெரிய பைகளும், முழங்கால் வரை நீளமும் இவர்களுக்குப் பொருந்தும். நெடுக்குக் கோடு போட்ட துணி மட்டும் கூடாது. ஏற்கனவே கம்பு போன்ற உடம்பை இன்னும் கம்பாக்கிவிடும்.

குள்ளமாக இருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு நீளமான கோட்டு வாங்குவது. முழங்காலுக்குக் கீழே கோட்டு இறங்கினால் கால் மறைந்து, கோட்டே நடந்து போவதுபோல் தெரியும். முழங்காலுக்கு மேலே, தொடையின் நடுப்பகுதியோடு நின்றுவிடும் கோட்டுதான் சரி. ஒரே வரிசைப் பொத்தான் வைத்த "சிங்கிள் பிரெஸ்ட்", குறுகிய காலர் மடிப்பு, சிறிய பை, பெல்ட் இல்லாமை ஆகியவை உயரத்தைக் கூட்டிக் காட்டும். கால்சட்டையும் கோட்டும் ஏறக்குறைய ஒரே நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. உடம்பை இரண்டாக வெட்டிக் காட்டாது.

பருத்த உடம்பும் தொந்தியும் உள்ளவர்கள் தொந்தியை மறைக்க வேண்டும் என்று தொளதொளவென்ற கோட்டு வாங்குவார்கள். அது இன்னும் பருமனாகக் காட்டும். இறுக்கமாக வாங்கினாலோ, பொத்தானைப் போட்டதும் வயிற்றின் குறுக்கே பெருக்கல் குறிபோல் சுருக்கம் விழும். தோளிலிருந்து நேராக இறங்கும் சிங்கிள் பிரெஸ்ட் கோட்டே இவர்களுக்கு உகந்தது. துணி வழவழப்பாக, கருநீலமாகவோ கரும்சாம்பலாகவோ இருக்கட்டும். பெல்ட் கூடவே கூடாது. தைக்கக் கொடுப்பவர்கள், முன்பக்கம் சற்று நீளம் கூட்டி வெட்டச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் தொந்தியின் மேல் துணி ஏறி, கோட்டு முன்னால் தூக்கி, பின்னால் இறங்கி நிற்கும்.

அகன்ற மார்பும் தோளும் உடையவர்கள் பாக்கியசாலிகள். தோளில் பஞ்சு வைக்காத சாதாரணக் கோட்டே போதும். தோள் சரிந்து இறங்கியவர்களுக்கு நேர் எதிர்: மெல்லிய பஞ்சு வைத்த தோள் வேண்டும். கழுத்திலிருந்தே கை இறங்கும் "ராக்லன்" வகைக் கோட்டை இவர்கள் தவிர்க்க வேண்டும். சரிவு இன்னும் கூடித் தெரியும். நாளெல்லாம் மேஜைமேல் குனிந்து எழுதி முதுகு வளைந்தவர்கள் தையற்காரரிடம் வெட்கப்படாமல் அதைக் காட்ட வேண்டும். முதுகுப் பக்கம் சிறிது நீளம் கூட்டினால் கோட்டு பின்னால் தூக்காது.

கழுத்து குட்டையானவர்களுக்கு மடிப்பு ஆழமாக இறங்கும் சிறிய காலர் நல்லது. அதன்மேல் தடித்த மப்ளரைச் சுற்றினால் தலை தோளில் உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். நீண்ட கழுத்துக்காரர்களுக்கு உயர்ந்த காலரும் மப்ளரும் அழகு.

கடையில் நின்று செய்ய வேண்டிய சோதனை

கோட்டு வாங்கப் போகும்போது சட்டையோடு ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு போக வேண்டும். வெறும் சட்டைமேல் போட்டுப் பார்த்து வாங்கினால், குளிர் காலத்தில் ஸ்வெட்டருக்கு இடம் இருக்காது. கோட்டு தானாகச் சூடு உண்டாக்குவதில்லை. உடம்பின் சூட்டைத் துணி அடுக்குகளுக்கு இடையே நிற்கும் காற்று காப்பாற்றித் தருகிறது. ஆகவே ஒரு தடித்த உடுப்பைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று மெல்லிய உடுப்புகள் நல்லது. கோட்டு அளவுக்கு மீறித் தொளதொளத்தால் காலர் வழியாகவும் கை வழியாகவும் காற்று புகுந்து அந்தச் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். அழகுக்குச் சொல்லும் அளவே குளிருக்கும் அளவு என்பது இதனால்தான்.

பொத்தானைப் போட்டு, உள்ளே ஒரு கைமுஷ்டி நுழைகிறதா என்று பாருங்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்குங்கள். கோட்டு முழுவதும் கூடவே ஏறினால் அக்குள் வெட்டு சரியில்லை. உட்கார்ந்து பாருங்கள். கோட்டின் கை, மணிக்கட்டைத் தாண்டிக் கட்டைவிரலின் அடியோடு நிற்க வேண்டும். பின்கழுத்தில் காலர் இடைவெளியில்லாமல் படிய வேண்டும்.

டில்லியில் தெருவோரம் குவித்து விற்கும் பழைய கோட்டுகளில் மலிவாக நல்ல சரக்கும் கிடைக்கும், ஏமாற்றமும் கிடைக்கும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்தையலில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினால், அசல் கம்பளி தலைமயிர் கருகிய நாற்றம் அடித்துப் பொடியாக உதிரும். செயற்கை இழை உருகி மணியாகத் திரளும். அந்தக் குவியலில் பெண்கள் கோட்டும் கலந்திருக்கும். ஆண்கள் கோட்டில் பொத்தான் வலப்பக்கம், துளை இடப்பக்கம் இருக்கும் என்பதை நினைவில் வைத்தால் ஆபீசில் கேலிக்கு ஆளாக வேண்டியதில்லை.

மலைத் தோட்டங்களில்

மூணாறு போன்ற இடங்களில் கணக்கு வேறு. இடுப்பளவு தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடப்பவருக்கு நீளக் கோட்டு இடைஞ்சல். பனியில் நனைந்து பாரமாகும், கிளையில் மாட்டும். இடுப்போடு நிற்கும், கை மணிக்கட்டில் இறுகும் தடித்த ஜாக்கெட்டே சௌகரியம். தோள் அளவு இங்கே இன்னும் முக்கியம். கையை ஓயாமல் நீட்டி மடக்கும் வேலை அல்லவா? குளிருக்கும் மழைக்கும் தொழிலாளிக்குக் காப்பு வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. முதலாளிகள் கம்பளி, குடை, மழைக்கோட்டு தர வேண்டும் என்று மாநில அரசுகள் விதி செய்ய, 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இடம் தந்தது. இரவுக் காவல்காரர்களும் ஜீப் ஓட்டுகிறவர்களும் மட்டும் முழங்கால் வரை நீண்ட கோட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஊருக்குத் திரும்பினால்

கோட்டோடு கல்பாத்திக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிரைவிடக் கோட்டுக்குப் பெரிய பகை கேரளத்து மழைக்காலம். ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அழுக்கும் வியர்வையும் பட்ட இடத்தைப் பூச்சி தேடி அரிக்கும். சுத்தம் செய்து, நன்றாக உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் இறுக்காமல், பழைய பருத்தி வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு மூலையில் நாப்தலின் உருண்டை போடலாம். ஆடி மழை விட்ட நாட்களில் எடுத்து உதறிக் காற்றாட விட வேண்டும்.

இப்படிக் காப்பாற்றினால் நல்ல கம்பளிக் கோட்டு பத்துப் பதினைந்து குளிர்காலம் உழைக்கும். நாளைக்கு வடக்கே போகும் தம்பிக்கோ மருமகனுக்கோ அதைக் கொடுக்கவும் செய்யலாம். கொடுப்பதற்கு முன் அவனை ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தோள் பொருந்தினால் கொடுங்கள். பொருந்தாவிட்டால், கோட்டுக்குப் பதிலாக அதன் விலையில் ஒரு பகுதியைக் கையில் கொடுத்தனுப்புவதே உபகாரம்.