கோழி முட்டை அடைகாப்பான்

கோழி முட்டை அடைகாப்பான் என்பது தாய்க்கோழியின் துணையின்றி முட்டைகளிலிருந்து குஞ்சு பொரிக்கச் செய்யும் கருவியாகும். பேச்சுவழக்கில் இது இன்குபேட்டர் என்றே அழைக்கப்படுகிறது. வணிகப் பொரிப்பகங்களில் ஆயிரக்கணக்கான முட்டைகளைக் கொள்ளும் எந்திரங்கள் பயன்படுகின்றன. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் உள்ளிட்ட கொங்கு நாட்டு மாவட்டங்களில் நாட்டுக்கோழி வளர்ப்போர் வீட்டில் வைத்துக்கொள்ளும், சில பத்து முட்டைகள் கொள்ளும் சிறு அடைகாப்பானைப் பற்றியதே இக்கட்டுரை.

வரலாறு

பண்டைய எகிப்தில் பெரிய சூளைகளைச் சூடாக்கி முட்டை பொரிக்கும் முறை இருந்தது. 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தைச் சேர்ந்த கொர்னேலியசு திரெபெல், வெப்பநிலையைத் தானே சீராக்கிக்கொள்ளும் அடைகாப்பான் ஒன்றை உருவாக்கினார். தன்னியக்கக் கட்டுப்பாட்டின் மிகத் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது.

தேவை

கொங்குப் பகுதியில் கோழியை அடைக்கு உட்கார வைப்பதை அவயம் வைத்தல் என்பர். கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பிப் பத்துப் பன்னிரண்டு முட்டைகள் வைக்கப்படும். இடியால் முட்டை கெடும் என்ற நம்பிக்கையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் உடன் வைக்கும் வழக்கம் தமிழகச் சிற்றூர்களில் உண்டு.

அடைகாக்கும் 21 நாட்களிலும், பின்னர் குஞ்சுகளுடன் திரியும் வாரங்களிலும் கோழி முட்டையிடாது. நாட்டுக்கோழியின் ஆண்டு முட்டை எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். முட்டைகளை அடைகாப்பானுக்கு மாற்றினால் கோழி விரைவில் மீண்டும் முட்டையிடத் தொடங்கும். கருவியின் உண்மையான பயன் இதுவே. ஒன்றிரண்டு கோழிகள் மட்டுமே உள்ள வீட்டிற்குத் தாய்க்கோழியே போதுமானது.

அமைப்பும் வெப்பநிலையும்

வீட்டில் செய்யப்படும் கருவி பெரும்பாலும் ஒரு தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, தெர்மோஸ்டாட், கணினியிலிருந்து கழற்றிய சிறு விசிறி, தண்ணீர்க் கிண்ணம் ஆகியவற்றைக் கொண்டது. விசிறி உள்ள பெட்டியில் 37.5 பாகை செல்சியசு வெப்பநிலை தேவை. விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடாகவும் கீழே குளிர்ச்சியாகவும் இருக்குமாதலால், முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில் 38 பாகைக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். ஒரு பாகைப் பிழைகூட பொரிப்பைப் பெரிதும் குறைக்கும். மலிவான வெப்பமானிகள் இந்த அளவுக்குத் தவறாகக் காட்டுவது அரிதன்று. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியின் அளவுகோல் 35 முதல் 42 பாகை வரை இருப்பதால், ஒப்பிட்டுச் சரிபார்க்க அது மிகப் பொருத்தமானது.

கரு குளிர்ச்சியை ஓரளவு தாங்கும். மிகை வெப்பத்தைத் தாங்காது. தாய்க்கோழியும் இரைக்காக நாள்தோறும் சிறிது நேரம் எழுந்து செல்கிறது. ஆனால் 40 பாகையைத் தாண்டிய வெப்பம் சில மணி நேரத்தில் கருக்களைக் கொல்லக்கூடும். தெர்மோஸ்டாட் பல்பை அணைக்க மட்டுமே வல்லது, பெட்டியைக் குளிர்விக்காது. ஆகவே கரூர், ஈரோடு போன்ற இடங்களில் சித்திரை, வைகாசி மாதங்களில் ஓட்டுக்கூரையின் கீழோ தகரக் கூரையின் கீழோ கருவியை வைப்பது ஆபத்தானது. இரண்டாம் வாரத்திற்குப் பிறகு கருக்களே வெப்பத்தை வெளியிடுவதால் இச்சிக்கல் மேலும் கூடும்.

மின்வெட்டு

2008 முதல் தமிழ்நாட்டில் நிலவிய மின்வெட்டு, 2012 இல் கோயம்புத்தூர் உள்ளிட்ட பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேல் நீண்டது. அத்தகைய சூழலில் மின்கல மாற்று ஏற்பாடு இல்லாத அடைகாப்பான் பயனற்றது. குறுகிய மின்தடையின்போது முதல் இரு வாரங்களில் பெட்டியைத் திறக்காமல் வைத்து, தேவையெனில் சுடுநீர்ப் புட்டிகளை உள்ளே வைக்கலாம். கடைசி வாரத்தில் காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது. வளர்ந்த கருக்களுக்கு உயிர்வளி மிகுதியாகத் தேவை.

முட்டைத் தேர்வும் திருப்புதலும்

கடைகளில் கிடைக்கும் நாமக்கல் பண்ணை முட்டைகள் பொரியா. அங்கு சேவல் இல்லாமலே கோழிகள் வளர்க்கப்படுவதால் அவற்றில் கரு இராது. சேவலுடன் வளரும் கோழிகளின் முட்டைகளையே, இட்ட ஒரு வாரத்திற்குள் வைக்க வேண்டும்.

மஞ்சட்கருவின் மேல் மிதக்கும் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளாதிருக்க, 18 ஆம் நாள் வரை முட்டைகளைத் திருப்ப வேண்டும். கையால் திருப்புவோர் ஒருபுறம் பெருக்கல் குறியும் மறுபுறம் வட்டமும் பென்சிலால் இட்டுக்கொள்வர். நாளொன்றுக்கு மூன்று அல்லது ஐந்து முறை என ஒற்றைப்படையில் திருப்பினால், நீண்ட இரவுப் பொழுதில் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு பக்கம் மேலிருக்கும்.

7 ஆம் நாள் இருட்டறையில் கைவிளக்கின் மேல் முட்டையை வைத்துப் பார்த்தால் சிலந்தி போன்ற செந்நரம்புகள் தெரியும். தெளிவாகத் தெரிவது கருவற்ற முட்டை. இரத்த வளையம் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. கூமுட்டைகளை நீக்காவிட்டால் அவை வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும்.

ஈரப்பதமும் பொரிப்பும்

முதல் 18 நாட்களில் 50 முதல் 55 விழுக்காடும், கடைசி மூன்று நாட்களில் 65 முதல் 70 விழுக்காடும் ஈரப்பதம் தேவை. முட்டை நீராவியாக எடை இழப்பதால் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகிறது. குஞ்சு ஓட்டை உடைக்குமுன் முதலில் இக்காற்றறைக்குள் அலகை நுழைத்தே மூச்சுவிடத் தொடங்கும். தொடக்கம் முதலே ஈரம் மிகுந்தால் காற்றறை சிறுத்து, முழு வளர்ச்சியடைந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே இறக்க நேரிடும்.

ஓட்டில் முதல் துளை விழுந்தபின் குஞ்சு வெளிவர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். இந்நேரத்தில் பெட்டியைத் திறந்தால் ஈரம் வெளியேறி, உட்சவ்வு உலர்ந்து குஞ்சின் மேல் இறுகிவிடும். ஓட்டை உரித்து உதவுவதும் பெரும்பாலும் தீங்கே, ஏனெனில் சவ்விலுள்ள இரத்தக் குழாய்கள் இன்னும் வற்றியிருக்கமாட்டா. மஞ்சட்கருவின் எஞ்சிய பகுதி வயிற்றுக்குள் இழுக்கப்பட்டிருப்பதால், பொரித்த குஞ்சு இரண்டு நாட்கள் வரை இரையின்றித் தாங்கும்.

தாயின் சிறகுச்சூடு இல்லாத இக்குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 32 முதல் 35 பாகை வெப்பம் அளித்து, பின்னர் வாரந்தோறும் ஏறத்தாழ மூன்று பாகை குறைப்பர். வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிகெட் நோய்க்கான முதல் தடுப்பு மருந்து, ஏழாம் நாளையொட்டிக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக இடப்படுகிறது.