பனிக்கடலில் ஒரு தச்சர்

கடற்பயணங்களின் வரலாற்றைப் படிக்கும்போது கப்பல் தலைவர்களின் பெயர்களே நம் காதில் விழுகின்றன. கொலம்பஸ், வாஸ்கோ ட காமா, கேப்டன் குக் என்று பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். அந்தக் கப்பல்களில் மரம் இழைத்தவர் யார், பாய் தைத்தவர் யார், அடுப்பு மூட்டியவர் யார் என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. இன்று நாம் பேசப்போவது ஒரு தச்சரைப் பற்றி. ஸ்காட்லாந்து நாட்டவரான அவர் பெயர் ஹாரி மெக்நிஷ். 1914ஆம் ஆண்டில் சர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் தென்துருவப் பகுதிக்கு நடத்திச்சென்ற 'எண்டூரன்ஸ்' என்ற கப்பலில் அவர் தச்சு வேலைக்குச் சேர்ந்தார்.

தென்துருவத்தை முதலில் மிதித்த பெருமை 1911 டிசம்பர் 14ஆம் நாள் நார்வே நாட்டு அமுண்ட்செனுக்குப் போய்விட்டது. ஆகவே ஷாக்கிள்டன் வேறொரு திட்டம் போட்டார். அண்டார்க்டிக் கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை தரைவழியாகக் கடப்பது என்பதே அது. அந்தக் கண்டம் நம் மலேசியாவைப் போல நாற்பது மடங்குக்கு மேல் பெரியது. ஏறக்குறைய முழுவதும் பனிக்கட்டியால் மூடப்பட்டது. 1914 டிசம்பர் 5ஆம் நாள் தெற்கு ஜார்ஜியா என்னும் தீவை விட்டுக் கப்பல் கிளம்பியது. அதில் இருந்தவர்கள் 28 பேர். அவர்களில் ஒரு வாலிபர் வேலை கிடைக்காமல் ஒளிந்து ஏறி வந்தவர்!

கப்பல் கண்டத்தின் கரையைத் தொடவேயில்லை. 1915 ஜனவரியில், கரை ஒருநாள் பயணத் தொலைவில் இருக்கும்போது, வெடல் கடலில் பனி அதைச் சுற்றி வளைத்துக்கொண்டது.

நமக்குப் பனிக்கட்டி என்றால் சர்பத்துக் குவளையில் மிதக்கும் துண்டுதான் நினைவுக்கு வரும். உப்பு நீரும் உறையும். அதற்கு உறைநிலைக்குக் கீழே இன்னும் இரண்டு டிகிரி குளிர் வேண்டும், அவ்வளவே. உறைந்த கடல் அசையாமல் கிடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. காற்றும் நீரோட்டமும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளப்படும் பனி கரையில் மோதி மேலே போக வழியில்லாதபோது ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிக்கும். நடுவில் ஒரு மரக்கப்பல் சிக்கினால், செக்கில் அகப்பட்ட எள்தான். இதற்கு முன் நார்வேயில் கட்டப்பட்ட 'ஃபிராம்' என்ற கப்பலின் அடிப்பாகத்தை உருண்டையாக அமைத்திருந்தார்கள். பனி நெருக்கினால் அக்கப்பல் வழுக்கி மேலே எழும்பிவிடும். எண்டூரன்சின் அடிப்பாகம் அப்படி அமைந்ததன்று.

ஒன்பது மாதத்துக்கு மேல் கப்பல் பனியோடு பனியாக நகர்ந்தது. அக்டோபரில் பின்புறம் பிளந்து தண்ணீர் உள்ளே புகுந்தது. மெக்நிஷ் இயந்திர அறைக்குள் இறங்கினார். உறையும் நீரில் இடுப்பளவு நின்றபடி, இரவும் பகலுமாக ஒரு மரத் தடுப்புச் சுவரை எழுப்பினார். இடுக்குகளில் கம்பளித் துணியைக் கிழித்துத் திணித்தார். சுவர் நின்றது, கப்பல் நிற்கவில்லை. அக்டோபர் 27ஆம் நாள் எல்லோரும் பனித்தரையில் இறங்கினார்கள். நவம்பர் 21ஆம் நாள் கப்பல் மூழ்கியது.

இதற்கிடையில் ஒரு சிறு காரியம் நடந்தது. மெக்நிஷ் ஒரு பூனை வளர்த்துவந்தார். அது எப்போதும் அவர் காலையே சுற்றி வந்ததால், 'தச்சரின் மனைவி' என்று கேலியாக அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். உண்மையில் அது கடுவன் பூனை. உணவு குறைவு, பயணம் கடினம் என்பதால் பூனையையும் சில நாய்க்குட்டிகளையும் சுட்டுவிடும்படி ஷாக்கிள்டன் உத்தரவிட்டார். உத்தரவு நிறைவேற்றப்பட்டது. தலைவரின் கணக்கு தவறென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் தச்சர் அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். டிசம்பர் இறுதியில், ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள படகுகளைப் பனிமேல் இழுத்துக்கொண்டு போகும்படி கட்டளை பிறந்தது. கரடுமுரடான பனியில் இழுத்தால் படகின் அடிப்பலகை பிய்ந்துவிடும் என்பது மெக்நிஷின் கருத்து. ஒருநாள் அவர் இழுக்க மறுத்து நின்றுவிட்டார். "கப்பலில் வேலை செய்யத்தான் கையெழுத்திட்டோம். கப்பல் மூழ்கிவிட்டது, ஒப்பந்தமும் முடிந்தது" என்பது அவர் வாதம்.

ஒப்பந்தம் என்ற சொல்லின் கனம் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரியாததன்று. ஆகவே இதைச் சற்று விளக்கமாகவே பார்ப்போம். அக்கால வணிகக் கப்பல்களில், கப்பல் மூழ்கிய அன்றே மாலுமியின் சம்பளமும் நின்றுவிடும். உயிர் தப்பிக் கரை ஏறினாலும் அதற்குப் பிந்திய நாட்களுக்குக் காசு கிடையாது. 1920ஆம் ஆண்டு இத்தாலியில் ஜெனோவா நகரில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு இதை மாற்ற ஓர் உடன்படிக்கை செய்தது. கப்பலை இழந்த மாலுமி வேலையின்றி இருக்கும் நாட்களுக்கு, இரண்டு மாதம் வரையாவது, அவருக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்றது. ஆக, மெக்நிஷ் பேசியது வெறும் முரட்டுப் பேச்சன்று. கடல்தொழிலாளர் எல்லோருடைய மனத்திலும் இருந்த கேள்விதான் அது.

ஆனால் எண்டூரன்சின் ஒப்பந்தத்தில் ஒரு தனி வாசகம் இருந்தது. கப்பலிலோ படகிலோ கரையிலோ, எங்கே வேலை கொடுத்தாலும் செய்யவேண்டும் என்பது அந்த வாசகம். ஷாக்கிள்டன் எல்லோரையும் கூட்டி அந்தத் தாளை உரக்கப் படித்தார். மெக்நிஷ் பணிந்தார். நாலாபுறமும் பனி சூழ்ந்த இடத்தில் ஒருவர் விலகினால் இருபத்தெட்டுப் பேருடைய உயிருக்கும் ஆபத்து என்று தலைவர் அஞ்சியதில் நியாயம் உண்டு. படகைப் பற்றித் தச்சர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சில நாட்களிலேயே படகிழுக்கும் பயணம் கைவிடப்பட்டது!

1916 ஏப்ரலில் பனி உடைந்தது. மூன்று படகுகளில் தப்பிச் சென்று, 15ஆம் நாள் எலிபெண்ட் தீவில் கரையேறினார்கள். கப்பல்கள் வந்துபோகும் இடமன்று அது. யாரேனும் போய் உதவி கொண்டுவந்தால்தான் உண்டு. தென் அமெரிக்க முனை கிட்டத்தில் இருந்தாலும், அங்கே ஓயாமல் வீசும் மேற்குக் காற்றை எதிர்த்துப் படகு செல்லாது. காற்றின் போக்கிலேயே, ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தெற்கு ஜார்ஜியாவுக்குத்தான் போகவேண்டும். சிங்கப்பூரிலிருந்து பாங்காக் நகரம் வானவழியில் ஏறத்தாழ அவ்வளவு தூரம். படகின் நீளமோ இருபத்திரண்டரை அடி. அதற்கு மேல்தளமும் இல்லை. ஓர் அலை உள்ளே விழுந்தால் கதை முடிந்தது.

அந்த 'ஜேம்ஸ் கேர்டு' என்ற படகைக் கடலுக்குத் தகுதியாக்கியவர் மெக்நிஷ். பனிமேல் தங்கியிருந்த நாட்களிலேயே, உடைந்த கப்பலின் மரத்தை எடுத்து அதன் ஓரங்களை உயர்த்தியிருந்தார். இப்போது பனிச்சறுக்கு வண்டியின் சட்டங்களையும் பெட்டி மூடிகளையும் குறுக்கே வைத்து, அவற்றின்மேல் கித்தான் துணியை இழுத்துக்கட்டினார். துணி குளிரில் விறைத்து மரப்பலகை போல் இருந்தது. கடல்நாய்க் கொழுப்பு எரியும் அடுப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி இளக்கித்தான் தைக்க முடிந்தது. அலையில் படகு முறிந்துவிடாதிருக்க, வேறொரு படகின் பாய்மரத்தை எடுத்து அதன் அடியோடு நீளவாக்கில் சேர்த்துக் கட்டினார். பலகை இடுக்குகளை விளக்குத் திரியாலும், உடன் வந்த ஓவியரின் எண்ணெய்ச் சாயத்தாலும், கடல்நாய் இரத்தத்தாலும் அடைத்தார். கையில் இருந்ததைக் கொண்டு வேலை முடிப்பது என்பது இதுதான்.

ஏப்ரல் 24ஆம் நாள் ஆறு பேர் புறப்பட்டனர்: ஷாக்கிள்டன், வர்ஸ்லி, கிரீன், மெக்கார்த்தி, வின்சென்ட், மெக்நிஷ். எதிர்த்துப் பேசியவரைத் தலைவர் பின்னால் விட்டுவரவில்லை என்பதைக் கவனியுங்கள். பதினாறு நாள் பயணத்தில், சூரியனின் உயரத்தை அளந்து வழி கணிக்க வர்ஸ்லிக்கு நான்கு முறைதான் வாய்த்தது. அலைநீர் படகின்மேல் உறைந்து பாரமாகும். கடுங்குளிரில் ஊர்ந்து போய் அதை வெட்டித் தள்ளுவார்கள். மே 10ஆம் நாள் தெற்கு ஜார்ஜியாவை அடைந்தார்கள். ஆனால் ஆட்கள் இருந்த திமிங்கில வேட்டை நிலையங்கள் தீவின் மறுபக்கம். நடுவில் அதுவரை எவரும் கடந்திராத பனிமலை.

மெக்நிஷும் வின்சென்ட்டும் நடக்க இயலாத நிலையில் இருந்தனர். மெக்கார்த்தியை அவர்களுக்குத் துணைவைத்து மற்ற மூவரும் மலை ஏறினார்கள். போகுமுன் தச்சர் தம் பங்கைச் செய்தார். படகிலிருந்து திருகாணிகளைக் கழற்றி, பனியில் வழுக்காதபடி அவர்களுடைய காலணிகளின் அடியில் பொருத்திக் கொடுத்தார். பனியை வெட்டிப் படியமைக்கக் கொண்டுபோன கருவியும் தச்சருடைய வாய்ச்சிதான். முப்பத்தாறு மணி நேரத்தில் மலையைக் கடந்து, மே 20ஆம் நாள் ஸ்ட்ரோம்னஸ் நிலையத்தை எட்டினார்கள். எலிபெண்ட் தீவில் இருந்த 22 பேரையும், மூன்று முயற்சிகள் தோற்றபின், ஆகஸ்ட் 30ஆம் நாள் சிலி நாட்டின் 'யெல்சோ' என்ற கப்பல் மீட்டது. எண்டூரன்சில் சென்ற 28 பேரும் பிழைத்தார்கள். ஆனால் இதே திட்டத்துக்காகக் கண்டத்தின் மறுகரையில் உணவு வைக்கச் சென்ற குழுவில் மூவர் மாண்டனர். இதைப் பலரும் சொல்ல மறந்துவிடுகின்றனர். மெக்கார்த்தியும் மறு ஆண்டே உலகப் போரில் கடலில் உயிரிழந்தார்.

பயணம் சென்றவர்களுக்குத் துருவப் பதக்கம் வழங்கப்பட்டது. ஷாக்கிள்டனின் பரிந்துரையில் நான்கு பேர் விடுபட்டார்கள். அவர்களில் ஒருவர் மெக்நிஷ். பனிமேல் நடந்த அந்த வாக்குவாதமே காரணம் என்று கருதப்படுகிறது. இது பெரிய அநீதி என்று உடன் சென்ற மருத்துவர் மேக்லின் எண்ணினார். நம் எண்ணமும் அதுவே. உத்தரவை மறுத்தது ஒரு நாள். உயிர் காத்த உழைப்பு எத்தனையோ மாதம்.

மூழ்கிய கப்பலை 2022 மார்ச் 5ஆம் நாள், 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். மரத்தை அரிக்கும் புழுக்கள் அக்கடலில் இல்லாததால், பின்புறத்தில் எண்டூரன்ஸ் என்ற எழுத்துகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. ஜேம்ஸ் கேர்டு படகு லண்டனில், ஷாக்கிள்டன் படித்த டல்விச் கல்லூரியில் வைக்கப்பட்டது.

மெக்நிஷ் பின்னர் நியூசிலாந்துக்குப் போனார். உடல் நலிந்து, வெலிங்டன் நகரில் ஏழைகளுக்கான ஓர் ஆதரவு இல்லத்தில் தங்கினார். 1930 செப்டம்பரில் இறந்தார். இராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தும், கல்லறைக்குக் கல் நடப்படவில்லை. 1959இல்தான் நியூசிலாந்து அண்டார்க்டிக் சங்கத்தார் ஒரு கல் நாட்டினார்கள். 2004ஆம் ஆண்டு அக்கல்லறையின்மேல் வெண்கலத்தில் செய்த ஒரு பூனையைப் படுக்கவைத்தார்கள். உயிருள்ள பூனையின் அளவே இருக்கும்.